ஹோட்டல் பொயின்ட்ஸிலும் ரிசோர்ட் கிரெடிட்டிலும் சாப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஒரு ஹோட்டலின் உணவகத்தில் ஒன்பது வருடம் காசாளராக இருந்தேன். வேலையை விட்டு வெள்ளவத்தையில் வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் ஆடியும் மார்கழியும் வந்தால் போன் ஓயாது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து இறங்கிய சொந்தங்கள், பக்கத்து ஃபிளாட் மாமி, தம்பியின் அலுவலக நண்பர்கள் என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். தெரியாத காரணத்தால் ஒரு குடும்பம் பில்லைப் பார்த்துத் திகைத்து நிற்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் மனம் கேட்பதில்லை.

ரிசோர்ட் கிரெடிட் எண்டால் என்ன? பொயின்ட்ஸும் அதுவும் ஒண்டுதானே?

இரண்டும் வேறு. ரிசோர்ட் கிரெடிட் என்பது நீங்கள் அறை எடுக்கும்போது அந்தத் தங்கலோடு சேர்த்து ஹோட்டல் தரும் செலவுத் தொகை. "ஒரு இரவுக்கு 50 டொலர்" என்றோ "முழுத் தங்கலுக்கும் 100 டொலர்" என்றோ இருக்கும். அதைச் சாப்பாட்டிலோ ஸ்பாவிலோ கழிக்கலாம். சில பக்கேஜ்களில் சாப்பாட்டுக்கு மட்டும் என்றே போட்டிருப்பார்கள். நீங்கள் அறையைக் காலி செய்யும் நேரத்தோடு அந்தக் கிரெடிட்டும் முடிந்துவிடும்.

பொயின்ட்ஸ் உங்கள் பெயரில் திறந்த அங்கத்துவக் கணக்கில் சேர்வது. இன்று கொழும்பில் சேர்ந்ததை அடுத்த வருடம் சிங்கப்பூரில் செலவழிக்கலாம். அதற்கும் ஆயுள் உண்டு. ஹில்டன், மரியட் இரண்டிலும் 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் பொயின்ட்ஸ் காலாவதியாகும். சினமன் ஹோட்டல்கள் சேர்ந்திருக்கும் டிஸ்கவரி திட்டத்தில் பொயின்ட்ஸுக்குப் பதிலாக டிஸ்கவரி டொலர் என்று தருகிறார்கள். ஒரு டிஸ்கவரி டொலர் ஒரு அமெரிக்க டொலருக்குச் சமம் என்பதால் கணக்குப் பார்க்கச் சுலபம்.

100 டொலர் கிரெடிட் தந்திருக்கினம். சாப்பிடாமல் அதைக் காசாக வாங்கலாமோ?

முடியாது. அறை வாடகையிலும் கழிக்க மாட்டார்கள். ஒரு நாளுக்கான கிரெடிட்டை அடுத்த நாளுக்குத் தள்ளவும் பெரும்பாலும் விடமாட்டார்கள். "ஒரு இரவுக்கு" என்று எழுதியிருந்தால் அன்றைய கிரெடிட் அன்றைக்கே போய்விடும், "முழுத் தங்கலுக்கு" என்றிருந்தால் கடைசி நாள் வரை இருக்கும். முன்பதிவு மின்னஞ்சலில் முதலில் தேட வேண்டியது இந்த ஒரு வரியைத்தான்.

மெனுவில ஒரு விலை, பில்லில வேற விலை. கிரெடிட் பத்தாமல் போச்சே, ஏன்?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். கொழும்பு ஹோட்டல் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தாலோ, பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் "சேவைக் கட்டணமும் வரிகளும் சேரும்" என்று இருந்தாலோ, நீங்கள் பார்க்கும் விலை முழு விலை இல்லை. அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், பிறகு 2.5 சதவீதம் சமூகப் பாதுகாப்பு வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் வற் (பெறுமதி சேர் வரி) வரும். வற் 2024 ஜனவரியில்தான் 15 இலிருந்து 18 ஆனது. அதற்கு முன் வந்துபோன வெளிநாட்டுச் சொந்தங்கள் பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு வந்து ஏமாந்துபோகிறார்கள்.

ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுவதால் மூன்றையும் வெறுமனே கூட்டினால் சரிவராது. 10,000 ரூபாய்ச் சாப்பாடு சேவைக் கட்டணத்தோடு 11,000 ஆகும். அடுத்த வரியோடு 11,275. வற்றோடு 13,300 சொச்சம். சின்ன அறவீடு ஏதாவது கூடினால் இன்னும் நூறு ரூபாய் அளவுக்கு ஏறலாம். மொத்தத்தில் மெனு விலையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். பில் மடிப்பைத் திறக்கும்போது அதிர்ச்சி இருக்காது.

கணக்கைத் தலைகீழாகவும் போட்டுப் பாருங்கள். கணக்குக்கு ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 100 டொலர் கிரெடிட் 30,000 ரூபாய். அதை 1.33 ஆல் வகுத்தால் 22,500 வரும். மெனுவில் 22,500 வரை கேட்டால் கிரெடிட்டுக்குள் நிற்கும், 30,000 க்குக் கேட்டால் கையிலிருந்து பத்தாயிரம் போகும். டொலரை ரூபாயாக்குவது அன்றைய ஹோட்டல் மாற்று வீதத்தில். அதை வரவேற்பு மேசையில் முதலே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஹோட்டலில தங்காமல் சும்மா போய்ச் சாப்பிட்டாலும் பொயின்ட்ஸ் விழுமா?

திட்டத்துக்குத் திட்டம் மாறும். காலிமுகத்திடல் ஷங்ரி-லாவில் தங்காமல் சாப்பிட வருகிற அங்கத்தவருக்கும் பொயின்ட்ஸ் சேரும், அதே பொயின்ட்ஸைச் சாப்பாட்டு பில்லிலேயே கழிக்கவும் செய்யலாம். கொழும்பில் குடியிருப்பவர்களுக்கு அதனால் அது தோதான திட்டம். ஹில்டனில் பொயின்ட்ஸ் அடிப்படையில் தங்கலோடு கட்டப்பட்டது. தங்கியிருக்கும்போது சாப்பாட்டை அறைக் கணக்கில் போட்டால்தான் சேரும். ஆனால் ஆசியாவில் பல ஹில்டன் உணவகங்களில் அங்கத்தவர் என்ற ஒரே காரணத்துக்கு விலைக்கழிவு தருகிறார்கள். தங்காமல் போகிறவருக்குப் பொயின்ட்ஸைவிட அந்தக் கழிவுதான் பிரயோசனம்.

அங்கத்துவம் இலவசம். போனிலேயே ஐந்து நிமிடத்தில் எடுக்கலாம். பில் கேட்பதற்கு முன் அங்கத்துவ எண்ணைச் சொல்லிவிடுங்கள். பில் அடித்து முடிந்த பிறகு சொன்னால் காசாளர் அதை ரத்துச் செய்து மேலாளரின் கையெழுத்தோடு திரும்ப அடிக்க வேண்டும். பின்னால் நாலு மேசை காத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஹோட்டலோட ஒட்டி இருக்கிற மோலிலயும் கிரெடிட் செல்லும்தானே?

செல்லாது. ஷங்ரி-லாவை ஒட்டி வன் கோல் ஃபேஸ் மோல் இருக்கிறது. உள்ளே நடந்தே போய்விடலாம் என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைப்பது இயல்பு. ஆனால் அங்குள்ள உணவுக்கடைகள் தனித்தனி வியாபாரங்கள், ஹோட்டலின் அறைக் கணக்கோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. ஹோட்டல் கட்டடத்துக்குள்ளேயே வாடகைக்கு இடம் எடுத்து நடத்தும் உணவகங்களும் இருக்கலாம்.

தெரிந்துகொள்ள ஒரு சின்ன வழி இருக்கிறது. உட்கார்ந்ததும் "இதை அறைக் கணக்கில் போடலாமா?" என்று கேளுங்கள். போடலாம் என்றால் பெரும்பாலும் கிரெடிட்டும் செல்லும். முடியாது என்றால் அது ஹோட்டலின் சொந்த உணவகம் இல்லை.

காலைச் சாப்பாட்டுக்கும் கிரெடிட்டைப் பாவிக்கிறது நல்லதா?

அறை வாடகையில் காலைச் சாப்பாடு சேர்ந்திருந்தால் கிரெடிட்டைத் தொட வேண்டாம். இராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேராவிட்டால், இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் புஃபே சாப்பிட்டாலே ஒரு நாள் கிரெடிட் கரைந்துவிடும். கொழும்பில் இருந்துகொண்டு அப்படிச் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். வெள்ளவத்தையில் இறங்கினால் சுடச்சுட இடியப்பமும் சொதியும் சம்பலும் சில நூறு ரூபாய்க்கு வயிறு நிறையக் கிடைக்கும். ஹோட்டலில் மட்டுமே கிடைக்கும் சாப்பாட்டுக்குக் கிரெடிட்டை வைத்துக்கொள்வதுதான் என் விருப்பம்.

அமெரிக்காவிலிருந்து ஹில்டன் கோல்ட் அட்டையோடு வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவில் 2021 முதல் அந்த அட்டைக்கு இலவசக் காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு நாளுக்கு இவ்வளவு என்று சாப்பாட்டுக் கிரெடிட் தருகிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியே பழையபடி அட்டைக்காரருக்கும் அதே அறையில் தங்கும் இன்னொருவருக்கும் கொன்டினென்டல் காலைச் சாப்பாடுதான். கொழும்பு ஹில்டனில் வந்து "என் கிரெடிட் எங்கே?" என்று கேட்டால் வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளைக்கு விளங்காது. காலைச் சாப்பாட்டைக் கேளுங்கள்.

பாங்க் கார்டில 25 சதவீதம் கழிவு இருக்கு, என்னட்டப் பொயின்ட்ஸும் இருக்கு. எதைப் பாவிக்கிறது?

இரண்டையும் ஒரே பில்லில் போட விடமாட்டார்கள். கொழும்பு ஹோட்டல்களோடு வங்கிகள் போடும் கழிவுச் சலுகைகளின் நிபந்தனைகளில் அது அநேகமாக எழுதப்பட்டிருக்கும். அதனால் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும், கணக்குப் போட்டுத் தெரிவு செய்யுங்கள்.

மெனு விலையில் 20,000 ரூபாய்க்குச் சாப்பிட்டதாக வைப்போம். மேலே சொன்ன வரிகளோடு அது 26,600 ஆகும். கார்ட் கழிவு வரிக்கு முன்னால் உணவு விலையில் விழும். ஆகவே 20,000 என்பது 15,000 ஆகி, வரியோடு ஏறத்தாழ 19,950 கட்டுவீர்கள். மிச்சம் 6,650. உங்கள் பொயின்ட்ஸின் பெறுமதி 5,000 ரூபாய் என்றால் கார்ட்தான் லாபம். பொயின்ட்ஸின் பெறுமதி 7,000 என்றாலும் நான் கார்டைத்தான் நீட்டுவேன். கார்ட் கழிவு இன்றைக்கு விட்டால் போய்விடும், பொயின்ட்ஸ் கணக்கில் அப்படியே கிடக்கும். காலாவதி நெருங்கிவிட்ட பொயின்ட்ஸ் என்றால் மட்டும் மாற்றி யோசியுங்கள்.

கார்ட் கழிவுகளில் இரண்டு பொறிகள் உண்டு. குடிவகைகளுக்குக் கழிவு கிடைக்காது. "வெள்ளி, சனி மட்டும்", "ஆறு பேருக்கு மேல் இல்லை", "விசேட தினங்களில் இல்லை" என்ற வரிகளும் இருக்கும். மேசை பதியும்போதே கார்டின் பெயரைச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மாமியின்ர கணக்கில நிறைய பொயின்ட்ஸ் இருக்கு. அவ வராட்டியும் நாங்கள் போய்ச் சாப்பிடலாமோ?

பொயின்ட்ஸ் அவருடைய பெயரில் இருப்பதால் பாவிக்க அவர் அங்கே இருக்க வேண்டும், அல்லது தன் கணக்கிலிருந்து அவரே அனுமதிக்க வேண்டும். மாமியின் கடவுச்சொல்லை வாங்கி நீங்கள் உள்ளே போவதை நான் சொல்லித்தர மாட்டேன். கணக்கு முடக்கப்பட்டால் அவருடைய இத்தனை வருடச் சேமிப்பும் போய்விடும். மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பொயின்ட்ஸ் சேர்த்தவர் மேசையில் இல்லாமல் அந்தச் சாப்பாடு இறங்குமா?

கசினோவில சாப்பாடும் குடியும் சும்மா எண்டு சொல்லினம். உண்மையா?

கொழும்புக் கசினோக்களில் விளையாட வருகிறவர்களுக்குச் சாப்பாடும் குடியும் காசு வாங்காமல் தருவது நீண்டகாலப் பழக்கம்தான். ஆனால் யாருக்குச் சும்மா? விளையாடுகிறவருக்கு. அந்தச் சாப்பாட்டின் செலவு மேசையில் அவர் தோற்கும் காசிலிருந்து வருகிறது. அதோடு இலங்கைப் பிரஜை கசினோ வாசலைத் தாண்டவே அரசாங்கத்துக்கு நுழைவு வரி கட்ட வேண்டும். அது டொலர் கணக்கில் போடப்படுவது. அந்தக் காசுக்கு எங்கேயாவது நல்ல இடத்தில் மரியாதையாக உட்கார்ந்து சாப்பிடலாம். சாப்பாட்டுக்காகக் கசினோவுக்குப் போகாதீர்கள் என்று என் சொந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

சிட்டி ஒஃப் ட்ரீம்ஸில சாப்பிடுறதெண்டால் கசினோவுக்குள்ளால போகோணுமா? பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமோ?

தாராளமாகக் கூட்டிப் போகலாம். பேரை வாவி ஓரத்தில், கொம்பனித்தெருப் பக்கம் இருக்கும் அந்தக் கட்டடத் தொகுதியில் முதலில் திறந்தது சினமன் லைஃப் ஹோட்டல்தான், 2024 ஒக்டோபரில். கசினோ 2025 ஓகஸ்டில் வந்தது. ஜோன் கீல்ஸும் மெல்கோ நிறுவனமும் சேர்ந்து செய்த திட்டம் அது. ஹோட்டல் உணவகங்களுக்கும் கசினோவுக்கும் வழி வேறு. ஹோட்டலில் சாப்பிட நுழைவு வரி எதுவும் கட்டத் தேவையில்லை, கசினோ அங்கத்துவமும் தேவையில்லை.

கசினோ அங்கத்துவ அட்டையும் ஹோட்டல் அங்கத்துவமும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் இரண்டு தனிக் கணக்குகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சேர்ந்ததை மற்றதில் கழிக்கலாமா என்று பில் வருவதற்கு முன் கேட்க வேண்டும்.

லாஸ் வேகாஸில சேர்ந்த பொயின்ட்ஸை இங்க பாவிக்கலாமா? சிங்கப்பூர்க் கிரெடிட்டை?

ரிசோர்ட் கிரெடிட்டை எங்கும் கொண்டுபோக முடியாது, காரணம் முதல் பதிலில் இருக்கிறது. வேகாஸ் கசினோ பொயின்ட்ஸும் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் இடங்களில்தான் செல்லும். அவற்றின் ஆயுள் ஹோட்டல் பொயின்ட்ஸைவிடக் குறைவு. சீசர்ஸ் என்ற கசினோ நிறுவனத்தின் திட்டத்தில் ஆறு மாதம் புதிதாக ஒன்றும் சேராவிட்டால் இருப்பது எல்லாம் போய்விடும். போன வருடம் வேகாஸ் போன அண்ணாவின் அட்டையில் இன்று ஒன்றும் இருக்காது. அங்கே இருக்கும்போதே சாப்பிட்டு முடித்துவிட்டு வருவதுதான் சரி.

வேகாஸில் இன்னொரு குழப்பமும் உண்டு. ரிசோர்ட் ஃபீ என்பது ஒவ்வொரு இரவும் வாடகைக்கு மேல் உங்களிடமிருந்து வாங்குவது. ரிசோர்ட் கிரெடிட் உங்களுக்குத் தருவது. பெயர் ஒத்திருப்பதால் ஒன்று மற்றதைக் கழித்துவிடும் என்று நினைக்காதீர்கள், இரண்டும் பில்லில் தனித்தனியாக நிற்கும். சிங்கப்பூரிலும் மெனு விலைக்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜிஎஸ்டியும் ஏறும். கணக்குப் போடும் முறை மூன்றாவது பதிலில் உள்ளதுதான், எண்கள் மட்டும் சின்னவை.

இன்னும் கொஞ்சம் விளையாடினால் டின்னர் ஒண்டு கிடைக்குமாம். விளையாடினால் என்ன?

இதற்கு உணர்ச்சியால் இல்லாமல் எண்ணால் பதில் சொல்கிறேன். சீசர்ஸ் திட்டத்தையே எடுப்போம், அதன் கணக்கு வெளிப்படையானது. ஸ்லொட் இயந்திரத்தில் 5 டொலர் போட்டு விளையாடினால் ஒரு புள்ளி. சாப்பாட்டில் 100 புள்ளி ஒரு டொலர். அதாவது ஒரு டொலர்ச் சாப்பாட்டுக்கு 500 டொலர் விளையாட வேண்டும். 60 டொலர் டின்னருக்கு 30,000 டொலர்.

அத்தனையும் உங்கள் பையிலிருந்து புதிதாக எடுத்த காசு இல்லை. வென்றதைத் திரும்பத் திரும்பப் போடுவதும் அதில் அடக்கம். ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் இயந்திரம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நூற்றுக்கு 5 மட்டும் எடுத்தால்கூட 30,000 க்கு 1,500 டொலர் போகும். 60 டொலர்ச் சாப்பாட்டுக்கு 1,500 டொலர்! டின்னர் வாங்கித்தருகிறேன் என்று உங்களை விளையாடக் கூப்பிடுகிற நண்பரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஏற்கெனவே விளையாடிச் சேர்ந்த புள்ளி இருந்தால் அதில் சாப்பிடுவதில் பிழையில்லை. புள்ளி சேர்க்கவென்று ஒரு சதமும் போடாதீர்கள்.

வீட்டில் யாராவது இந்தச் சுழலில் அகப்பட்டிருந்தால் அது பொயின்ட்ஸ் பற்றிய கேள்வியாக இருக்காது. நம்பிக்கையான ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

போயா அண்டைக்கு மேசை பதிஞ்சிட்டம். கிரெடிட் பிரச்சினை வருமா?

சாப்பாட்டுக்கு ஒரு பிரச்சினையும் வராது. போயா என்ற பௌர்ணமி தினத்தில் உணவகங்களில் குடிவகை விற்க மாட்டார்கள். கிரெடிட்டில் பாதியை வைன் போத்தலுக்கு என்று ஒதுக்கியிருந்தால் மேசையை வேறொரு நாளுக்கு மாற்றுங்கள்.

நாங்க ஹலால் மட்டும்தான். அம்மா வெள்ளிக்கிழமை மரக்கறி. கிரெடிட்டை வீணாக்காம எப்பிடிச் சாப்பிடுறது?

புஃபேக்குப் போகாதீர்கள் என்பதுதான் என் பதில். புஃபேயில் மரக்கறி சாப்பிடுகிறவரும் இறால், நண்டு விலை சேர்ந்த முழுக் கட்டணத்தையே கட்டுகிறார். மெனுவைப் பார்த்துத் தனித்தனியாகக் கேட்கும் உணவகத்துக்குப் போனால் அவரவர் சாப்பிட்டதற்குத்தான் கிரெடிட் கழியும். கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் வட இந்தியச் சாப்பாட்டுக்குத் தனி உணவகம் உண்டு. மரக்கறிக்கு அதுவே பாதுகாப்பான இடம்.

ஹலால் பற்றி மேசை பதியும்போதே போனில் கேளுங்கள். "ஹலால் இறைச்சிதான் வாங்குகிறோம்" என்பதும் "சமையலறைக்கு ஹலால் சான்றிதழ் உண்டு" என்பதும் வேறு வேறு பதில்கள். எது உங்களுக்குப் போதும் என்பது உங்கள் தீர்மானம்.

நாளைக்குக் காலமை வெளிக்கிடுறம். கிரெடிட்டில இன்னும் 40 டொலர் மிச்சம். என்ன செய்யலாம்?

என் வேலை நாளில் ஒரு வயதான தம்பதி, பயணப்பெட்டிகள் வாசலில் நிற்க, அறைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இதைத்தான் கேட்டார்கள். காலைச் சாப்பாடு முடிந்துவிட்டது, மத்தியானம் திறக்க இரண்டு மணித்தியாலம் இருக்கிறது. லொபியில் இருந்த கேக் கடையைக் காட்டினேன். அந்த அம்மா கண்ணாடிக்குள் இருந்ததை ஒவ்வொன்றாக விரலால் காட்டி, ஒரு லவ் கேக் பெட்டியும் பிஸ்கட் போத்தல்களும் தேயிலை டின்களும் எடுத்தார். யாழ்ப்பாணத்துப் பேரப்பிள்ளைகளுக்கு என்றார். பில் கிரெடிட்டைவிட 300 ரூபாய் கூட வந்தது, அதை மட்டும் சில்லறையாக எண்ணித் தந்தார்.

பல ஹோட்டல்களில் லொபியிலுள்ள கேக் கடை ஹோட்டலின் சொந்தக் கடைதான். உறுதியாகத் தெரிய, மேலே சொன்ன அறைக் கணக்குக் கேள்வியையே கேளுங்கள். இன்னொரு வழி, முதல் நாள் இரவே அறைக்குச் சாப்பாடு வரவழைப்பது. ஆனால் அறைக்குக் கொண்டுவரத் தனிக் கட்டணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அறையைக் காலி செய்த பிறகு போய்க் கேட்டால் எதுவும் நடக்காது. கணக்கு மூடியாயிற்று.

கடைசி பில்லில கிரெடிட்டைக் கழிக்கவே இல்லை. சண்டை பிடிக்கிறதா, விடுறதா?

சண்டையும் வேண்டாம், விடவும் வேண்டாம். கனடாவிலிருந்து வந்த என் தங்கை கொழும்பில் ஒரு ஹோட்டலில் மூன்று இரவு தங்கினாள். ஒரு இரவுக்கு 50 டொலர் சாப்பாட்டுக் கிரெடிட் என்று பக்கேஜ். கடைசி பில்லில் 50 மட்டும்தான் கழிந்திருந்தது. பதியும்போது ஒரு இரவுக்கு மட்டும் போட்டுவிட்டார்கள். வரவேற்பு மேசையில் இருந்த தம்பி கணினியில் இருப்பதுதான் சரி என்று நின்றார். தங்கை முன்பதிவு மின்னஞ்சலைப் போனில் திறந்து, "ஒரு இரவுக்கு" என்ற வரியைப் பெரிதாக்கிக் காட்டினாள். மேலாளர் வந்தார், பத்து நிமிடத்தில் திருத்தினார்கள். இரண்டாம், மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டை அவள் அறைக் கணக்கில் போட்டிருந்தபடியால்தான் திருத்த முடிந்தது. கையில் காசு கட்டியிருந்தால் கழிக்க ஒன்றும் இருந்திருக்காது.

ஆகவே வந்து இறங்கிய நாளே "எனக்கு எவ்வளவு கிரெடிட், எந்தெந்த நாளுக்கு?" என்று வாயால் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு பில்லின் பிரதியை வாங்கிப் பாருங்கள். காலையில் விமானத்துக்கு ஓடும் அவசரத்தில் யாராலும் கணக்குப் பார்க்க முடியாது.

முழுக்கக் கிரெடிட்டில சாப்பிட்டம். டிப்ஸ் வைக்கோணுமா?

பில்லில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் இருப்பதால் கட்டாயம் இல்லை. அது ஊழியர்களுக்குப் பிரிக்கப்படுவது, அவர்களின் மாத வருமானத்தில் கணிசமான பகுதி. ஆனாலும் உங்கள் பிள்ளைக்காகக் காரம் குறைத்து இன்னொரு தடவை சமைத்துக் கொண்டுவந்து வைத்தவரின் கையில் ஒரு சின்னத் தொகையை நேராகக் கொடுத்தால் அன்றைக்கே அவருக்குப் பஸ் காசாகும். கிரெடிட்டிலிருந்து டிப்ஸ் எழுத விடமாட்டார்கள், சில்லறை நோட்டுகள் கொண்டுபோங்கள்.

அம்மாவுக்கு 75 வயது. எட்டுப் பேர், லண்டன் அக்காவின்ர கிரெடிட் 100 டொலர், என்ர பாங்க் கார்ட், அண்ணாவின்ர பொயின்ட்ஸ். எல்லாத்தையும் எப்பிடிச் சேர்க்கிறது?

ஒரு பில்லில் எல்லாவற்றையும் சேர்க்க முடியாது என்று மேலே சொன்னேன். ஆனால் ஒரு மாலையில் இரண்டு பில் வரலாம். மேசை பதியும்போதே "இரண்டு பில்லாகத் தர முடியுமா?" என்று கேளுங்கள், ஒப்புக்கொள்ளும் ஹோட்டலைத் தெரிவு செய்யுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு பிரிக்கச் சொன்னால் மறுப்பார்கள், அவர்கள் பக்கத்தில் நியாயமும் உண்டு.

அக்கா அந்த ஹோட்டலில் தங்கியிருக்கிறபடியால் அவர், மச்சான், அம்மா, அப்பா நாலு பேரின் சாப்பாடு அவருடைய அறைக் கணக்கில் போகட்டும். மெனு விலையில் 22,500 க்குள் நின்றால் கிரெடிட் அதைத் தாங்கும். மற்ற நாலு பேரின் பில் உங்கள் கார்டில். ஆறு பேருக்கு மேல் இல்லை என்ற நிபந்தனை இருந்தால் அந்த மேசைக்கு அது தடையாகுமா என்று முதலே கேட்டுவிடுங்கள். அண்ணாவின் பொயின்ட்ஸை இன்றைக்குத் தொட வேண்டாம். காலாவதி ஆகப்போகிறது என்றால் மட்டும் அடுத்த நாள் அம்மாவையும் அப்பாவையும் ஹோட்டலில் பின்னேரத் தேநீருக்கு அவர் கூட்டிப் போகலாம்.

பிறந்தநாள் என்று முதலே சொன்னால் பல ஹோட்டல்கள் சின்னக் கேக் ஒன்றைக் காசு வாங்காமல் தருகின்றன, கேளுங்கள். வெளியிலிருந்து கேக் கொண்டுபோவதென்றால் வெட்டுக் கூலி என்று வாங்குகிற இடங்களும் உண்டு. அம்மாவுக்குப் படி ஏற முடியாவிட்டால் லிஃப்ட்டுக்குக் கிட்டவாக மேசை கேளுங்கள். பில் வரும்போது அது அம்மாவின் பக்கம் போகாமல் உங்களிடம் தரச் சொல்லி, உட்காரும்போதே பரிமாறுகிறவரிடம் காதோடு சொல்லி வைத்துவிடுங்கள்.